மன்னாரிலிருந்து மன்னார்குடிக்கு

பேருந்திலிருந்து இறங்கி நான் இருபது அடிகூட வைக்கவில்லை. ஒரு பையன் ஓடிவந்து என் கையில் ஒரு டம்ளரைத் திணித்தான். நான் ஒழுங்காகப் பிடித்தேனா என்றுகூடப் பார்க்காமல் எனக்குப் பின்னால் வந்தவரை நோக்கி ஓடிவிட்டான். டம்ளரில் மோர். மேலே கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் மிதந்தன. அடியில் இஞ்சித் துணுக்குகள் கிடந்தன. பயணம் முழுக்கக் காசு விஷயத்தில் கவனமாக இரு என்று என்னை எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். அதனால் குடிப்பதற்கு முன்பே பையைத் துழாவினேன்.

சாலையோரம் கீற்றுப் பந்தல். நீல நிற டிரம் ஒன்று, ஈரச்சாக்கு சுற்றிய மண்பானைகள் இரண்டு, சேலை உடுத்திய வேளாங்கண்ணி மாதாவின் படம் ஒன்று. பந்தலுக்குள்ளும் வெளியிலும் காவி உடுத்த ஆண்கள், பெண்கள், தோளில் தூங்கும் பிள்ளைகள். அப்போதுதான் புரிந்தது, இது வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கான மோர் என்று. எனக்கு உரியதல்ல.

"நான் நடந்து வரேல்ல அக்கா. பஸ்ஸில வந்தனான்" என்று டம்ளரை நீட்டினேன்.

டிரம்முக்குப் பக்கத்தில் நின்ற பெண் அகப்பையை நிறுத்தாமலே பதில் சொன்னார். "பஸ்ஸுல வந்தா வெயில் அடிக்காதாண்ணே? குடிங்க." பிறகுதான் என் பேச்சு அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். "வந்தனானா? நீங்க சிலோனா?"

நான் ஓம் என்றேன். பந்தலே சிரித்தது. அந்த ஒரு ஓமுக்காக எனக்கு இரண்டாவது டம்ளரும் கிடைத்தது.

மன்னார்குடிக்கு நான் வந்த காரணத்தை யாரும் நம்பவில்லை. என் ஊர் மன்னார். இலங்கையின் வடமேற்குக் கரையோரம், பெருக்கமரமும் தெருவில் திரியும் கழுதைகளுமாக ஒரு வறண்ட தீவு. பள்ளிக்கூடத்து அட்லசில் இந்தியாவின் படத்தை விரித்து விரலால் ஊர்ப்பெயர்களை வாசித்துக்கொண்டு போனபோது, காவிரி நூல்நூலாகப் பிரியும் இடத்தில் மன்னார்குடி என்று ஓர் ஊர் இருந்தது. எங்கள் சனம்தான் கடல் தாண்டிப் போய்க் குடியேறியிருக்கிறது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். முப்பது வருடம் அந்த முடிவோடு சுகமாக இருந்தேன். உண்மையில் எங்கள் தீவுக்கும் இந்த ஊருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இங்கே மன்னார் என்பவர் பெருமாள், ராஜமன்னார், ராஜகோபாலன். அவருடைய குடிதான் ராஜமன்னார்குடி. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஆசை மட்டும் வடியவில்லை.

மன்னாரிலிருந்து பார்த்தால் இந்தியா கூப்பிடு தூரம்தான். ஒருகாலத்தில் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி ரயிலைப் பிடித்தார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பிறகு இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலையும் யுத்தம் நிறுத்தியது. அதன்பின் எங்களுக்கு அக்கரை என்பது இரவில் தெரியும் வெளிச்சம் மட்டுமே. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கினார்கள். சில நாட்களில் நின்றது. 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி ஓடியது. நான் மன்னாரிலிருந்து வடக்கே யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து காங்கேசன்துறை போய்க் கப்பலேறினேன். மேற்கே இருக்கும் அயல்வீட்டுக்குப் போக வடக்கே நாட்டின் நுனிவரை போய்த் திரும்புவது எங்கள் தலையெழுத்து. ஆகஸ்டுக் கடல் என் வயிற்றைப் புரட்டி எடுத்தது. அதைப் பற்றி மேலே சொல்வதற்கில்லை.

பந்தலில் அவர்கள் சிரித்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வேளாங்கண்ணி. கொடியேற்றம் ஆகஸ்ட் 29. இன்னும் மூன்று நாள் இருந்தது. உலகமே மேற்கிலிருந்து கிழக்கே மாதாவை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது, மாதாவின் வாசலில் இறங்கிய நான் பேருந்து பிடித்து மேற்கே வந்திருந்தேன். "கோயில் வாசல்ல செருப்பக் கழட்டிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்த கதையா இருக்கே" என்றார் ஒரு பெரியவர்.

அம்மா என் பைக்குள் ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருந்தார். மடு மண். மன்னார் மாவட்டத்துக் காட்டுக்குள் இருக்கிறது மடு மாதா கோவில். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்திய காலத்தில், 1670-இல், மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியவர்கள் வைத்த இடம் அது. அந்த மண்ணை வீட்டில் வைத்திருந்தால் பாம்பு அண்டாது என்று எங்கள் சனம் நம்பும். அம்மாவுக்கு வேண்டுதல் ஒன்று இருந்தது. மடு மாதாவின் மண்ணை வேளாங்கண்ணி மாதாவிடம் சேர்க்க வேண்டும். அக்காவிடமிருந்து தங்கைக்கு அனுப்பும் பண்டம்போல அதைப் பொட்டலம் கட்டி, மூன்று முறை கட்டி, மேலே ரப்பர் பட்டி போட்டிருந்தார்.

பகல் முழுவதும் ஊரைச் சுற்றினேன். ஹரித்ரா நதி என்று ஒரு குளம். குளத்துக்கு நதி என்று பெயர் வைக்கும் துணிச்சல் தண்ணீர் உள்ள நாட்டுக்காரர்களுக்குத்தான் வரும். 23 ஏக்கர் என்கிறார்கள். கட்டுக்கரைக் குளத்தை நம்பி வயல் செய்யும் ஊரிலிருந்து வந்த எனக்கு அளவு பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் நாலு பக்கமும் தெருவும் நடுவே மண்டபமும் வைத்து ஒரு குளத்தை வீட்டு முற்றம்போல் வளர்த்திருப்பதைப் பார்த்ததில்லை. மன்னார்குடிக்கு மதிலழகு என்று இந்தப் பக்கத்தில் சொல்வது வழக்கம். மதிலை நானும் பார்த்தேன்; ஆனால் மனதில் நின்றது மதிலல்ல. பங்குனியில் ராஜகோபாலனுக்குப் பதினெட்டு நாள் திருவிழா. பதினாறாம் நாள் வெண்ணெய்த்தாழி. கண்ணன் தாழியை அணைத்தபடி வீதியில் வருவான். ஊர் திரண்டு சின்னச் சின்னக் கிண்ணங்களில் வெண்ணெய் வாங்கி அவன்மேல் எறியும். கடவுளுக்குப் படைப்பார்கள், சாத்துவார்கள், ஊட்டுவார்கள். எறிவார்கள் என்று இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. தேநீர்க் கடைக்காரர் சொன்னார்: "திருட்டுப் பய சார் அவன். கேக்காம எடுத்தவனுக்கு நாம கேக்காமலே குடுக்குறோம், அவ்வளவுதான்."

வெண்ணெயை எறியும் ஊரில் மோருக்குக் காசு தேடியிருக்கிறேன்.

மாலையில் தங்க இடம் தேடிக்கொண்டிருந்தேன். பந்தல் அக்கா விடவில்லை. நகரத்துக் கோயில் வளாகத்தில் நடைபயணக்காரர்கள் தங்குவார்கள், அங்கேயே படுத்துக்கொள்ளலாம் என்று பையனை வழிகாட்ட அனுப்பினார். கோயில் என்றதும் நான் பெருமாள் கோயிலைத்தான் நினைத்தேன்; அவர் சொன்னது கத்தோலிக்கக் கோயிலை. இந்தப் பக்கத்துக் கத்தோலிக்கர்களும் எங்களைப் போலவே கோயில் என்றுதான் சொல்கிறார்கள். பங்குக்குருவைச் சாமியார் என்கிறார்கள். நாங்கள் சுவாமி என்போம். வித்தியாசம் சில எழுத்துக்கு மேல் இல்லை.

வளாகத்தில் நான் கண்டதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒரு வேப்பமரத்தடியில் பத்துப் பதினைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அரிவாள்மணையில் உட்காரும் வேகத்தைப் பார்த்தே யார் வீட்டில் ஆள் அதிகம் என்று சொல்லிவிடலாம். இவர்கள் அன்பியத்துப் பெண்கள். அன்பியம் என்ற சொல்லை அங்கேதான் முதலில் கேட்டேன். ஒரு பங்கைத் தெருவாரியாகச் சில பத்து வீடுகள் கொண்ட குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தக் குழுவுக்குப் பெயர் அன்பியம். மார்க்சியம், பெரியாரியம் என்பதுபோல அன்பை ஓர் இயமாக்கிய சொல்லைக் கண்டு முதலில் சிரிப்பு வந்தது. ஏதோ கமிட்டிக்காரர்கள் யோசித்துச் செய்த சொல் என்று நினைத்தேன். அன்றைக்கு எந்த அன்பியத்தின் முறை, யார் வீட்டு அரிசி, யார் வீட்டுப் பருப்பு, யார் விறகு என்றெல்லாம் அந்தப் பெண்கள் போட்ட சண்டையைக் கேட்டபிறகு சிரிப்பு போய்விட்டது. சண்டை கொடுப்பதற்காக. போன வருஷம் எங்கள் தெருவுக்கு மதியச் சாப்பாடு கிடைக்கவில்லை, காலை உப்புமாவைத் தலையில் கட்டிவிட்டார்கள், உப்புமா போட்டால் பேர் வருமா என்று ஒருவர் உண்மையிலேயே கோபமாக இருந்தார்.

அரிசி வந்த வழியும் சுவையானது. பிடியரிசி. அன்றாடம் உலையில் அரிசி போடும்முன் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பது. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பெண்கள் சேர்க்கக்கூடிய ஒரே சொத்து அதுதான் என்றார் ஒரு அம்மா. இந்தியாவின் மறுகோடியில் மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இதே கைப்பிடி அரிசியைச் சேர்த்துப் பெரிய பெரிய வேலைகளை நடத்துகிறார்கள் என்று நான் எங்கோ வாசித்ததைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "பொம்பளைங்க எங்க இருந்தா என்ன, உலை ஒண்ணுதானே" என்று அடுத்த கத்தரிக்காயை எடுத்தார்.

இருட்டும் நேரத்தில் நடைபயணக்காரர்கள் வந்தார்கள். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரத்தநாடு வழியாக வந்த கூட்டம். முன்னால் சின்னத் தேர்போல ஒரு தள்ளுவண்டி. உள்ளே மாதா, சுற்றிச் சீரியல் விளக்கு, பின்னால் ஒரு ஜெனரேட்டர். மாதாவைவிட ஜெனரேட்டர்தான் அதிகம் கனத்தது என்று தள்ளியவர் சொன்னார். அவர் கத்தோலிக்கர் அல்ல. கழுத்தில் செபமாலை, நெற்றியில் திருநீறு. அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் அப்படித்தான். யாரும் அதை ஒரு செய்தியாக நினைக்கவில்லை.

வாசலில் ஒரு முதிய அம்மா பிளாஸ்டிக் பேசினில் வெந்நீரும் கல்லுப்பும் கலந்து வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். வருகிற ஒவ்வொருவரையும், "காலை விடுங்க" என்றார். கெஞ்சலாக இல்லை, அதட்டலாக. கொப்புளம் வெடித்த பாதங்கள், தார் ஒட்டிய பாதங்கள், பிளாஸ்டிக் செருப்பின் வார் பதிந்த பாதங்கள். கழுவி, தன் சேலை முந்தானையாலேயே துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி அனுப்பினார். ஓர் இளைஞன் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டான். அவன் முழங்காலில் பட்டென்று ஒரு அடி. பெரிய வியாழனன்று குருவானவர் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவுவதை நான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். முன்பே சோப்புப் போட்டுத் தேய்த்த பாதங்களோடுதான் அந்தப் பன்னிரண்டு பேரும் வருவார்கள். இங்கே தண்ணீர் கறுத்தது.

"நீங்களும் விடுங்க தம்பி."

"நான் நடக்கேல்ல அம்மா."

"நடக்காமலா இந்த ஊருக்கு வந்தீங்க? விடுங்க."

அன்றைக்கு இரண்டாவது முறையாக எனக்குரியதல்லாத ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

சாப்பாடு பந்தியாக நடந்தது. தரையில் நீளப்பாய், மந்தாரையிலைத் தட்டு, சாம்பார் சோறு, கத்தரிக்காய்க் கூட்டு, நார்த்தங்காய் ஊறுகாய். விரதக்காரர்கள் என்பதால் மீனும் கறியும் கிடையாது. இந்த இடத்தில் நான் என் கதையைச் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளில், யுத்தத்தில் இடம்பெயர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. மடுக் கோவிலைச் சுற்றிய காட்டில் தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். மாதா கோவில் எங்களுக்கு நிழல் தந்தது, சோறு தந்தது, உயிரும் தந்தது. குறைசொல்ல ஒன்றுமில்லை. 1999 நவம்பரில் அந்த நிழலின்மேலேயே எறிகணை விழுந்து அடைக்கலம் புகுந்தவர்கள் பலர் செத்துப்போனார்கள் என்பது வேறு கதை. ஆனால் நான் வரிசையில் வளர்ந்த பிள்ளை. தட்டை நீட்டு, அட்டையைக் காட்டு, பெயரைச் சொல், நகர். அத்தனை பேருக்கு அப்படித்தான் கொடுக்க முடியும். இன்றைக்கும் கல்யாண வீட்டில் பஃபே என்று தட்டைக் கையில் கொடுத்தால் எனக்குப் பசி போய்விடும்.

மன்னார்குடிப் பந்தியில் என் பெயரை யாரும் கேட்கவில்லை. பரிமாறியவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "இன்னும் கொஞ்சம்?" போதும் என்று கையை இலைமேல் வைத்தால், கையை விலக்கிவிட்டு வைத்தார்கள். என் தட்டில் நான் சோறு மிச்சம் வைத்தபோது அவர்களுக்கு முகம் வாடியது. அட்டை காட்டி வாங்கிய சோற்றில் மிச்சம் வைத்தால் திட்டுவார்கள், இங்கே வருத்தப்பட்டார்கள். விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள் உண்டு; அதிலிருந்துதான் வீட்டுக்குப் புதிதாக வந்தவன் விருந்தாளி ஆனான். தெரிந்தவனுக்கு, சொந்தக்காரனுக்குப் போடும் சோறு வேறு கணக்கு. பெயர் தெரிந்துவிட்டால் விருந்து பழசாகிவிடும் என்று பயந்துதான் அவர்கள் கேட்கவில்லையோ என்னவோ.

அதற்காக எல்லாவற்றையும் பூசி மெழுகிவிட முடியாது. சமையலுக்குத் தலைவராக இருந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். துடுப்புப் பிடிப்பதுபோல் கரண்டி பிடித்தார். பந்தி முடிந்து, அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்து பீடி பற்றவைத்தபோது என்னோடு பேசினார். "எங்க கிராமத்துக் கோயில்ல, எங்கப்பா காலத்துல, நாங்க ஒரு பக்கம் தனியாத்தான் உக்காரணும். திருவிழாச் சோறு எங்களுக்குக் கடைசிப் பந்தி. சட்டிய வழிச்சு ஊத்துவாங்க."

"இப்ப?"

"இப்ப நான் ஆக்குறேன், எல்லாரும் திங்கிறாங்க." புகையை விட்டார். "எங்க ஊர்ல கல்லறை மட்டும் இன்னும் ரெண்டு. அங்க போனவங்களுக்குச் சோறு வேணாம்ல, அதான் ஒரே பந்தியில சேர்க்க முடியல."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் பக்கத்திலும் இதற்குச் சமமான கதைகள் உண்டு. அவற்றை வெளியில் சொல்ல நாங்கள் கூச்சப்படுகிறோம். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதி பிரிக்கச் சுவரே இருந்தது. 1910-இல்தான் இடித்தார்கள், இடித்ததை எதிர்த்து நீதிமன்றம்வரை போனார்கள். இன்னும் பின்னால் போனால், கொரிந்து நகரத்துச் சபையின் முதல் விருந்துகளிலேயே இந்தக் கறை விழுந்துவிட்டது. இருப்பவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள் என்று பவுல் கடுமையாகக் கோபித்து எழுதியிருக்கிறார். பழைய ஆட்கள் சின்னப்பர் என்று சொல்லும் அதே பவுல்தான். வழிப்போக்கனுக்குச் சோறு போடுவது கஷ்டமில்லை; அவன் விடிந்ததும் போய்விடுவான். அடுத்த தெருக்காரன் போகமாட்டான்.

சமையல்காரர் பீடியை அணைத்துவிட்டுக் காலை வெண்பொங்கலுக்கு அரிசி களையப் போனார். கோபம் இருந்தும் அவர் உப்பைக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை.

இரவு தூக்கம் வரவில்லை. கால் கழுவிய அம்மாவும் தூங்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். மடுவைப் பற்றிக் கேட்டார். காட்டைப் பற்றி, ஆகஸ்ட் 15 திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாக மரத்தடியில் கூடாரம் போட்டுச் சமைப்பதைப் பற்றிச் சொன்னேன். பதிலுக்கு வேளாங்கண்ணிக் கதையைச் சொன்னார். எனக்கு ஏற்கனவே தெரிந்த கதைதான். ஆனால் புத்தகத்தில் வாசித்த கதையும், அதே பாதையில் வாழ்கிறவர் வெற்றிலையோடு சொல்லும் கதையும் ஒன்றல்ல.

ஒரு பையன் நாகப்பட்டினத்து முதலாளிக்குப் பால் கொண்டுபோகிறான். குளத்தங்கரை ஆலமரத்தடியில் களைப்பாறுகிறான். கைக்குழந்தையோடு ஒரு பெண் தோன்றி, பிள்ளைக்குக் கொஞ்சம் பால் தா என்கிறாள். முதலாளியின் பால், கொடுத்தால் அளவு குறையும். கொடுக்கிறான். முதலாளியிடம் போய், நேரமாகிவிட்டது, பாலும் குறைந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்கிறான். மூடியைத் திறந்தால் பால் நிறைந்து வழிகிறது. பிறகு பல வருஷம் கழித்து நடுத்திட்டில் கால் ஊனமான ஒரு பையன், அவன் அம்மா கொடுத்தனுப்பிய மோரை வழிப்போக்கர்களுக்கு விற்கிறான். அவனிடமும் அதே தாய் மோர் கேட்கிறாள். அவனும் கொடுக்கிறான். எழுந்து நாகப்பட்டினம் போய்ச் சேதி சொல் என்கிறாள். நடக்க முடியாதவன் ஓடுகிறான்.

"ரெண்டு தடவையும் அவதான் கேட்டா, கவனிச்சீங்களா?" என்றார் அந்த அம்மா. "குடுக்க வல்ல, கேட்க வந்தா. அதுவும் எதக் கேட்டா? பாலு, மோரு. ஏழை வீட்டுல இருக்குற சாமானாப் பாத்துக் கேட்டா."

காலையில் குடித்த மோரின் ருசி எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. இந்தச் சாலையில் ஆண்டுதோறும் மோர்ப் பந்தல் போடுகிறவர்கள் அந்தப் பையனின் வேலையைத்தான் செய்கிறார்கள். வருகிறவர்களில் யார் அவள் என்று தெரியாது. ஆகவே யாரையும் விட முடியாது, பேருந்தில் வந்தவனையும்கூட. ஆபிரகாமும் நடுப்பகல் வெயிலில் மூன்று அந்நியர்களைக் கண்டு ஓடிப்போய் அழைத்துவந்து, மரத்தடியில் அமர்த்தி வெண்ணெயும் பாலும் வைத்தார் என்று வேதாகமத்தில் வருகிறது. வெண்ணெயென்றால் மன்னார்குடி, பாலென்றால் வேளாங்கண்ணி. அந்த இரவில் எனக்கு வேதாகமமும் வெண்ணெய்த்தாழியும் இந்தச் சாலையும் ஒரே மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்ததாகத் தோன்றியது. தூக்கக் கலக்கத்தில் தோன்றியதுதான். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

மடு மண்ணைப் பற்றியும் சொன்னேன். பொட்டலத்தை எடுத்துக் காட்டவும் செய்தேன். அவர் தொடவில்லை. வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டார்.

"பாம்பு வராதா?"

"சனம் அப்படி நம்புது அம்மா. கடிச்சா ஆஸ்பத்திரிக்குத்தான் போகோணும்."

"அது தெரியும்." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "எங்க வீட்டுக்காரரு அப்படித்தான் போனாரு. குறுவைக்குத் தண்ணி பாய்ச்சப் போனவரு. ராத்திரி. வண்டி கெடைக்கல."

விடிவதற்கு முன் மூன்றரை மணிக்குக் கூட்டம் கிளம்பியது. தார் சுடும்முன் எவ்வளவு முடியுமோ அவ்வளவு நடந்துவிட வேண்டும். கோட்டூர் வரைக்குமாவது நானும் நடப்பது என்று முடிவு செய்திருந்தேன். வாங்கிக் குடித்த மோருக்கும் கழுவப்பட்ட காலுக்கும் ஒரு நியாயம் வேண்டாமா? வாசலில் அந்த அம்மா நின்றார். புளிச்சோறு கட்டிய வாழையிலைப் பொட்டலம் ஒன்றை என் பையில் திணித்தார். பிறகு, நேற்று மாலை முதல் அந்த வளாகத்தில் யாரும் என்னிடம் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"தம்பி, அந்த மண்ணுல எனக்கொரு துளி குடுப்பீங்களா? மகன் வயலுக்குப் போறான்."

அம்மா மூன்று முறை கட்டிய பொட்டலம். வேண்டுதல் மண். வாசல் விளக்கு வெளிச்சத்தில் ரப்பர் பட்டியைக் கழற்றிப் பிரித்தேன். ஒரு துளி என்று கேட்டவருக்குப் பாதியை அள்ளி வைத்தேன். அவர் முந்தானை நுனியில் முடிந்துகொண்டார். நேற்று மாலை எத்தனையோ பாதங்களைத் துடைத்த அதே முந்தானை.

நடை நன்றாகத்தான் இருந்தது. இருட்டில் தண்ணீர் ஓடும் சத்தம் சாலைக்கு இரண்டு பக்கமும் கூடவே வந்தது. நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரிந்து அதில் ஒன்று பாமணியாறாகி மன்னார்குடிக்கு வருகிறது. அதிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கண்ணி, கண்ணியிலிருந்து வயல். தண்ணீரைப் பிரித்துப் பிரித்தே பழகிய நாடு. வெளிச்சம் வந்ததும் குறுவை பச்சையாகத் தெரிந்தது. இடையிடையே சம்பாவுக்கு விட்ட நாற்றங்கால். சில தென்னந்தோப்புகளில் நடுவே பெரிய வெற்றிடங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்தது என்றார்கள். கரண்ட் இல்லாத அந்த வாரங்களில் சாய்ந்த இளநீரைத்தான் வருகிறவர்களுக்குக் கொடுத்தோம், வேறென்ன இருந்தது என்றார் வழியில் காப்பி கொடுத்த ஒருவர். கோட்டூரை எட்டுவதற்குள் நான்கு பந்தல்கள். நான்கிலும் நிறுத்தினார்கள். என் கால் இரண்டாவது பந்தலிலேயே கொப்புளித்துவிட்டது. இந்த முறை மோரை என் உரிமையாக வாங்கிக் குடித்தேன். ருசி முதல் நாளைவிடக் கொஞ்சம் குறைவுதான்.

மிச்ச வழிக்குப் பேருந்து. வேளாங்கண்ணியில் கூட்டம் கடலைவிடப் பெரிதாக இருந்தது. மாதா குளத்தடியில் ஓர் ஓரமாக உட்கார்ந்து புளிச்சோற்றைச் சாப்பிட்டேன். அம்மாவின் வேண்டுதலை நிறைவேற்றினேன். பிறகு அம்மாவை அழைத்தேன். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கடற்கரைப் பக்கமாக நகர்ந்து நின்று கத்த வேண்டியிருந்தது.

"மண் சேர்த்தாச்சு அம்மா. ஆனா கொஞ்சம் குறைஞ்சு போச்சு."

"ஏன், கொட்டிப்போட்டியா?"

"இல்ல. மன்னார்குடியில ஒரு அம்மா கேட்டவ. பாதி குடுத்திட்டன்."

"அவவுக்கு ஏன் எங்கட மண்?"

"வயல் வேலை அம்மா. அவவின்ர மனுசன் பாம்பு கடிச்சுச் செத்தவராம். இப்ப மகன் போறான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"விசரா" என்றார் அம்மா. "முழுசையும் குடுத்திட்டு வந்திருக்கலாமே."